வெள்ளிக்கிழமை ஷாப்பு பூட்டியிருக்கும்

கண்ணா, உன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். அதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொல்லப் போனால் நீ நம்பமாட்டாய். ஆராதனை முடிந்து வந்ததும் நீ சிநேகிதனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாய். உன் மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெட்டி கட்டிலடியில் இருந்தது, பூட்டவில்லை. பூட்டியிருந்தால் இன்னும் சந்தேகப்பட்டிருப்பேன் என்பது வேறு விஷயம். நாளைக் காலை நீ முதல் முறையாக வேலூருக்கும் ஆம்பூருக்கும் தோல் பார்க்கப் போகிறாய். திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள் வேலை. பெட்டியில் சட்டை ஐந்து இருந்தது. ஐந்தாவது புதுசு, வெள்ளை, மடிப்புக் கலையாதது, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தது.

அத்தோடு மூடிவைத்திருக்கலாம். வைக்கவில்லை. துணிக்கூடையோடு கீழே இறங்கி வந்தவளிடம், ஏதோ போகிறபோக்கில் கேட்பதைப்போல, "எத்தனை சட்டைம்மா வச்சே?" என்று கேட்டுவிட்டேன். "நாலு, அத்தை" என்றாள். என் கண் அறைப் பக்கம் போயிற்று. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே போனாள், பெட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து கூடையில் மிச்சமிருந்த ஈரத் துணியை மறுபடி பிழிந்தாள். பிழிந்துகொண்டே கேட்டாள்: "அத்தை, வெள்ளிக்கிழமை அங்கே வேலை உண்டா?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன் நான் கேட்ட கேள்வி இது. அதற்கு என்ன பதில் கிடைத்தது, அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதை உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நீயும் அன்று என் கூட இருந்தாய், நாலு வயது. உனக்கு ஞாபகம் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கமாட்டாய் என்றும் நினைக்கிறேன். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். உன் கல்யாணத்தன்று எழுத நினைத்தேன், அவளுக்கு மூன்று மாதம் என்று தெரிந்தபோது நினைத்தேன். இரண்டு முறையும் தள்ளிப்போட்டேன். ஐந்தாவது சட்டையைப் பார்த்தபிறகு தள்ளிப்போட முடியவில்லை.

பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன். அதற்கு முந்தின வருஷம்வரை காலேஜில் இருந்தவள் நான். மெட்ராஸில் பெண்கள் இன்டர்மீடியட் படிப்பதை ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்த காலம். லாஜிக் எனக்குப் பிடித்த பாடம். இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது தானாக வந்து நிற்கும் என்று அதில் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் இரண்டும் உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை அவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, அல்லது அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை. உன் அப்பாவுக்குத் தோல் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலைக் கட்டைவிரலால் தடவிப்பார்த்து, எது முதல் தரம், எது கழிவு என்று சொல்லவேண்டும். நல்ல வேலை. ஆனால் கூடப் படித்தவர்கள் கேட்டால் "ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறார்" என்று மட்டும்தான் சொல்வேன். எதை ஏற்றுமதி செய்கிறார்கள் என்று எவளாவது கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

நீ பிறந்த பத்தாம் நாள் அவர் வேலூரிலிருந்து நேராக வந்தார். ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த அந்த வாடை அவருக்கு முன்னால் படியேறி வந்தது. உன்னைத் தூக்கக் கையை நீட்டினார். நான் உன்னை மார்போடு இழுத்துக்கொண்டு, "குளிச்சிட்டு வந்து தொடுங்க, பிள்ளைக்கு மூச்சு முட்டும்" என்றேன். உனக்கு மூச்சு முட்டவில்லை. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அவர் கையை மடக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். இவ்வளவுதான் நடந்தது. நான் அதை அன்று சாயங்காலமே மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவரிடம் வாடை இருந்ததில்லை. சனிக்கிழமைக் காலையில் வருவார். திங்கட்கிழமை இறுகிய முகத்தோடு போன மனிதர், யாரோ எடுத்துப் பிரித்து உதறி மடித்துவைத்ததுபோல வருவார். நகக்கண்ணில்கூடக் கறை இருக்காது. செருப்பில் மட்டும் பொடி மணல். ஒருமுறை வேட்டியில் நாயுருவி ஒட்டியிருந்தது. ஒருமுறை ஒரு சீசா மலைத்தேன் கொண்டுவந்தார். "யார் கொடுத்தது?" என்றேன். "ஷாப்புக்காரர்" என்றார். தோல் பதனிடுகிற இடத்தை அங்கே ஷாப்பு என்பார்கள். தோல் ஷாப்புக்காரர் எதற்குத் தேன் கொடுக்கிறார்? "வெள்ளிக்கிழமையும் வேலையா?" என்று கேட்டேன். "ம்" என்றார். நான் நாலு சுவருக்குள் உன்னோடும் உன் வயிற்றுவலியோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே தோல் குழி நடுவில் ஐந்து நாள் நின்றவர் சீயக்காய் மணத்தோடு சந்தோஷமாக வருகிறார். மற்றப் பெண்கள் புருஷன்மேல் புதிதாக ஏதாவது வாடை வந்தால் சந்தேகப்படுவார்கள். நான் வாடை இல்லையே என்று சந்தேகப்பட்டேன்.

எதிர்வீட்டில் ஆம்பூர்க்கார பீபி ஒருத்தி இருந்தாள், உனக்கு நினைவிருக்கலாம், உனக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பாள். அவள் புருஷனுக்கு ஆம்பூரில் சொந்த ஷாப்பு. ஒருநாள் பேச்சுவாக்கில், பாவம், எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமைகூட வேலை என்று அவளிடம் அங்கலாய்த்தேன்.

"வெள்ளிக்கெழமையா?" என்றாள் பீபி. "அன்னிக்கு எங்க ஷாப்பு எங்கம்மா தொறக்கும்? ஜும்மா தொழுகை ஆச்சே. ஆம்பூர்லயும் வேலூர்லயும் நம்ம ஆளுங்க ஷாப்பு எல்லாம் பூட்டுதான். ஒரு தோல் நவராது."

"இவருக்கு மட்டும் ஏதாவது..."

"யாருக்கும் கெடையாது. ஏன், அவரு வீட்டுக்கு வர்றதில்லையா அன்னிக்கு?" என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "ஆம்பளைங்க சங்கதி, ஜாஸ்தி கிண்டாதே, பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கிண்டாதே என்று சொன்னால் என்னைப் போன்றவளுக்கு வேறென்ன தோன்றும்?

ஷாப்பு வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும். இவர் வெள்ளிக்கிழமை வேலை என்கிறார். மூன்றாவது வாக்கியம் தானாக வந்து நின்றது. அடுத்த மாதம் அவர் போன வாரம், வெள்ளிக்கிழமை முதல் வண்டிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போனேன். காட்பாடியில் இறங்கி ஜட்கா வண்டி பிடித்தேன். ஜட்காக்காரன் என் குடையையும் என் கண்ணாடியையும் உன்னையும் மாறிமாறிப் பார்த்தான். "யம்மா, இன்னா பாக்க வந்தீங்க? எங்க ஊர்ல ராஜா இல்லாத கோட்ட, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. பாத்துட்டு ஒரே நாள்ல திரும்பிடலாம்" என்றான். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்த ஊரை நான் பார்க்கத்தான் செய்தேன். அகழியில் தண்ணீர் ஆடாமல் கிடந்தது. கோட்டைமேல் இரண்டுபேர் எந்த அவசரமும் இல்லாமல் நடந்துபோனார்கள். தெருவில் முள்ளுக் கத்தரிக்காயைக் குவித்துவைத்து, விற்றால் விற்கட்டும் என்று ஒருத்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். மெட்ராஸில் இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இவ்வளவு சும்மா இருக்கிற ஊரில் ஒரு ஆண்பிள்ளை தனியாக என்னதான் செய்வான் என்றுதான் எனக்கு எண்ணம் போயிற்று. அழகு எல்லாமே எனக்குச் சாட்சியாகத்தான் தெரிந்தது.

அவர் தங்குகிற அறை கோட்டைக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. பூட்டு தொங்கிற்று. பக்கத்து அறைக்காரர், "காலைலயே துண்டை எடுத்துக்கிட்டுப் போய்ட்டாரே" என்றார். ஜட்காக்காரன் கேட்டுக்கொண்டே இருந்தான். "தோல் பாக்குற மெட்ராஸ் ஐயாவா? மின்னியே சொல்லியிருந்தா வழியிலயே எறக்கி விட்டிருப்பேனே. வெள்ளிக்கெழமன்னா ஆத்தோரம் முனியம்மா வூட்லதான்." அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். ஊருக்கே தெரிந்திருக்கிறது என்பதுதான் என்னைச் சுட்டது.

முனியம்மா வீடு பாலாற்றங்கரையில் ஒரு கூரைவீடு. வாசலில் ஆப்பம் சுடுகிற அடுப்பு. வீட்டுக்கும் புங்கமரத்துக்கும் நடுவில் ஒரு கொடி கட்டியிருந்தது. அந்தக் கொடியில் உன் அப்பாவின் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது பொத்தான் கறுப்பு நூலில் தைத்திருந்தது. தைத்தவள் நான். என் புருஷன் சட்டை இன்னொருத்தி வீட்டுக் கொடியில் காய்வதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கண்ணா. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற ஒருவிதத் திருப்திதான் முதலில் வந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

முனியம்மாவுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். திடமான கை. "யாரும்மா?" என்றாள். அவருடைய தங்கை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே, உண்மை வரவேண்டுமானால் நான் யாரோவாக இருக்கவேண்டும் என்று தோன்றியது.

"தங்கச்சியா? குந்து கண்ணு. கொழந்த வாடிக்கெடக்குது பாரு" என்று உனக்கு ஒரு ஆப்பத்தைப் பிய்த்துக் கொடுத்தாள். "ஐயா ஊத்துல கெடக்குறாரு. கூப்ட்டா வரமாட்டாரு, நாலு மணியாவும்."

"அண்ணன் இங்கே அடிக்கடி வருவாரா?"

"வெள்ளிக்கெழம தவறாது. வூட்டுக்குப் போம்போது நாத்தம் இருக்கக்கூடாதாம். ஒரு படி சீயக்கா நாந்தான் இடிச்சிக் குடுக்கறது. தேய்ச்சித் தேய்ச்சிக் குளிப்பாரு. அந்தச் சட்டைய ஷாப்பு பக்கமே எடுத்துட்டுப் போறதில்ல. இங்கயே வுட்டுடுவாரு, நான் தொவச்சி வெப்பேன், நாளிக்குப் போட்டுக்கினு ரயிலேறுவாரு. பொண்டாட்டிக்கு ஆவாதாமே." அடுப்பை ஊதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ தங்கச்சி, உன்கிட்ட சொன்னா இன்னா. அப்டி இன்னாம்மா மூக்கு அது? அந்தத் தோலுதானே அவளுக்குச் சோறு போடுது?"

நான் ஆப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மத்த நேரம் என்ன செய்வார்?" என்றேன். கடைசிச் சந்தேகத்தையும் விட மனமில்லை.

"இன்னா செய்வாரு? ஒண்ணியும் செய்யமாட்டாரு. மணல்ல நடப்பாரு. மரத்தடியில படுப்பாரு. ஒருவாட்டி வெறகு வண்டியில குந்திக்கினு அமிர்தி காட்டுக்குப் போய்ட்டு வந்தாரு, எதுக்குன்னு கேட்டா, சும்மான்னாரு. அங்க தேன் வாங்கினாரு, பொண்டாட்டிக்கு."

கரையேறிப் பார்த்தேன். மணல் கண்ணுக்கெட்டியவரை காய்ந்து கிடந்தது. நடுவில் மணலைத் தோண்டி விட்ட ஊற்று, வண்ணான் துறைபோல அகலமாக. அதில் கழுத்தளவு தண்ணீரில் உன் அப்பா கிடந்தார். கண் மூடியிருந்தது. தண்ணீருக்கு மேலே இரண்டு கையையும் விரித்துவைத்திருந்தார். பத்தாம் நாள் நான் மடக்கிக்கொள்ள வைத்த கை அது. பக்கத்தில் எருமைகூட இல்லை. யாரும் அவரிடம் எதுவும் கேட்காத ஒரு நாள், அவ்வளவுதான் அவருடைய ரகசியம். வாடை போகக் குளிக்க ஆரம்பித்தவர், குளித்தபின் உலர நடந்து, நடந்தபின் படுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முழு நாளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நீ, "அப்பா" என்று கத்தினாய். அவர் கண் திறந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, "என்னாச்சு? யாருக்கு என்ன?" என்றார். யாருக்கும் எதுவும் இல்லை, நாங்களும் குளிக்க வந்தோம் என்று சொல்லியிருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு உன்னை இறக்கிவிட்டிருந்தால் போதும், நீ ஓடிப்போய் விழுந்திருப்பாய், மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்று, "ஒண்ணும் ஆகல. உங்களுக்கு இன்னிக்கு வேலை இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. பள்ளிக்கூடத்தில் கையில் எதையோ மறைத்துப் பிடிபட்ட பிள்ளையின் முகம். "இல்ல" என்றார். துண்டைக் கட்டிக்கொண்டு மேலேறி வந்து, கொடியிலிருந்த சட்டையை ஈரத்தோடு போட்டுக்கொண்டார். முனியம்மா, "தங்கச்சி வந்திருக்குதே, சாப்ட்டுப் போங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். தங்கச்சி இல்லை என்று அவளிடம் சொல்லவும் இல்லை. அன்று சாயங்கால வண்டியில் மூன்று பேரும் திரும்பினோம். அரக்கோணம் தாண்டியபின் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "சொல்லியிருக்கணும். நீ வீட்லயே அடைஞ்சு கெடக்கிறப்ப, நான் அங்க நல்லா இருந்தேன்னு எப்படிச் சொல்றது?"

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம், போன மாதம் முழங்கால் வலி என்று வேலையை உனக்கு விட்டுக்கொடுக்கும்வரை, அவர் வியாழக்கிழமை ராத்திரி வண்டியிலேயே வந்துவிடுவார். வாடையோடு வருவார். வாசலில் நின்று சட்டையைக் கழற்றிக் குழாயடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முழுதும் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீ பார்த்திருக்கிறாய். நான் கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்தது. புருஷன் எங்கே இருக்கிறார் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குத் தெரியும்.

போன வாரம் நீ இங்கே தோல் மண்டியிலிருந்து வந்தபோது உன் மனைவி இரண்டு விரலால் உன் சட்டையைத் தூக்கிக்கொண்டு, "அத்தை, இதை வெளியில போடட்டுமா?" என்று கேட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி, குமட்டுகிறது, அவள்மேல் தப்பில்லை. மறுநாள் நீ வீட்டுக்குள் வராமல் நேராகக் குழாயடிக்குப் போனாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதனால்தான் ஐந்தாவது சட்டையைப் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த முறை எனக்கு நீ எங்கே போவாய் என்கிற சந்தேகம் இல்லை. அது கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன், இந்தப் புத்தி சாகும்வரை போகாது. என் பயமெல்லாம், நீ அதை அவளிடம் சொல்லாமல் போகிறாயே என்பது. வெள்ளிக்கிழமை இரு, கண்ணா. கோட்டைமேல் நட, ஊற்றில் கிட, விறகு வண்டி கிடைத்தால் அமிர்திவரை போ. ஆனால் வேலை என்று சொல்லாதே. அங்கே நன்றாக இருந்தேன் என்று வந்து சொல். அவள் முகம் சுருங்கினால் சுருங்கட்டும், இரண்டு நாளில் சரியாகும். சொல்லாமல் விட்டது எத்தனை வருஷமானாலும் சரியாகவில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய் உன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். கடிதத்தை ஒட்டாமல்தான் வைக்கப்போகிறேன், மறைக்க இதில் எதுவும் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "அத்தை, அப்ப நான் மூக்கைப் பொத்திக்கிட்டா தப்பா?" என்றாள். "பொத்திக்கோ, யார் வேண்டாம்னா? அவன் கையை மட்டும் மடக்க வைக்காதே" என்றேன். அவள், "ஆனா சட்டையை ஏன் என்கிட்ட சொல்லாம வச்சார்?" என்றாள்.

பதில் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பேப்பரை இறக்காமலே உன் அப்பா சொன்னார்: "அவன் வைக்கல. நான்தான் வச்சேன்."

இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஆத்துலேர்ந்து ஏறினா போட்டுக்க ஒண்ணு வேணும்ல. அங்க இப்ப முனியம்மாவா இருக்கா, தொவச்சு வைக்க?"

பதினெட்டு வருஷத்தில் அந்தப் பேரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. உன் மனைவி என்னைப் பார்த்தாள், சமையலறைப் பக்கம் நகர்ந்துவிட்டாள், கெட்டிக்காரி. நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கேட்கவேண்டியது நிறைய இருந்தது. "இந்த மாசம் ஆத்துல ஊத்து இருக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் பேப்பரை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா?" அவர் நம்பவில்லை. நான் என்ன துப்புத் துலக்குகிறேன் என்று தேடுகிற பார்வை. அது எனக்குத் தெரிந்த பார்வை, அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். நான் அங்கேயே நின்றேன். அவர் பேப்பரை மடித்து முழங்கால்மேல் வைத்தார். "வெள்ளிக்கிழமை நாமளும் போனா, அவன் ஒரு கோடியில இருக்கட்டும். நாம அவன் பக்கம் போகவேணாம், ஆறு அகலம்தான்" என்றார். பிறகு, ஒரு தோலைத் தடவிப் பார்ப்பதுபோல யோசித்து யோசித்துக் கேட்டார்: "வீட்ல சீயக்கா இருக்கா?"

இருக்கிறது என்றேன். வெயில் இருக்கும்போதே உலர்த்தி இடிக்கவேண்டும், கடிதத்தை ஐந்தாவது சட்டைக்குள் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போகிறேன்.

உன் அம்மா